ஒரு பிக்சலுக்கு எத்தனை ஃபோட்டான்? ஒளிர்வு நுண்ணோக்கிக்கு எந்த டிடெக்டர்

அம்பை 16 நெல் நாற்றை உப்புநீரில் வைத்து, வேர்நுனியில் டிசிஎஃப்டிஏ சாயம் (செல்லுக்குள் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் பச்சையாக ஒளிர்வது) ஏற்றி, எந்தச் செல் எவ்வளவு ஒளிர்கிறது என்று அளப்பது ஒரு வேலை. தாமிரபரணித் தண்ணீரை 0.2 மைக்ரான் கறுப்பு வடிச்சவ்வில் இறக்கி, டிஎன்ஏவில் ஒட்டி நீலமாக ஒளிரும் டாபி சாயமிட்டு பாக்டீரியாவை எண்ணுவது இன்னொரு வேலை. இரண்டும் பாளையங்கோட்டையிலோ அபிஷேகப்பட்டியிலோ ஒரே ஆய்வகத்தில், ஒரே நுண்ணோக்கியில் நடக்கலாம். ஆனால் இரண்டும் டிடெக்டரிடம், அதாவது ஒளியைப் பதிவு செய்யும் கருவியிடம், கேட்பது வேறு வேறு. டாபி ஏறிய பாக்டீரியா பளிச்சென்று தெரியும். பழைய கேமராவே போதும். டிசிஎஃப்டிஏ சாயமோ நாம் பாய்ச்சும் நீல ஒளியாலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து தானாகப் பிரகாசிக்கத் தொடங்கும். விளக்கை ஏற்றினால் உப்பின் விளைவை அளக்க மாட்டோம், விளக்கின் விளைவையே அளப்போம். அங்கே குறைந்த ஒளியில் படம் எடுத்தே ஆக வேண்டும்.

கேமரா வாங்கும்போது மெகாபிக்சல், வேகம், விலை என்று பட்டியல் நீளும். அளவீடு செய்பவர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: என் மாதிரியிலிருந்து ஒரு பிக்சலுக்கு எத்தனை ஃபோட்டான் (ஒளித்துகள்) வருகிறது? இதற்கு விடை தெரிந்தால் டிடெக்டர் தேர்வு முக்கால்வாசி முடிந்துவிடும்.

திரையில் படம் பளிச்சென்று தெரிவதற்கும் உணர்திறனுக்கும் தொடர்பில்லை. மென்பொருள் எந்தப் படத்தையும் இழுத்துப் பிரகாசமாக்கும். இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடிகிற மிகக் குறைந்த ஒளி எவ்வளவு என்பதே உணர்திறன். டிடெக்டரில் விழும் ஃபோட்டான் எலக்ட்ரானாக மாறிச் சேரும். இரைச்சலில் முதல் பங்கு ஒளியினுடையதே: 100 எலக்ட்ரான் சேர்ந்தால் அதில் 10 ஏறும், இறங்கும், எப்போதும் வர்க்கமூலம். எந்தக் கேமராவும் இதைத் தாண்ட முடியாது. இரண்டாவது, சேர்ந்ததை எண்ணாக மாற்றும்போது மின்சுற்று சேர்க்கும் வாசிப்பு இரைச்சல். மூட்டை நிறுக்கிற தராசில் தாலிக்குண்டை நிறுத்தால் என்ன ஆகும்? வாசிப்பு இரைச்சல் அதிகமுள்ள கேமராவில் மங்கலான செல்லுக்கு அதுதான் ஆகிறது. மூன்றாவது, வெப்பத்தால் தானாக ஊறும் இருட்டு மின்னோட்டம்.

கணக்கு எளிது. சிக்னல் எலக்ட்ரானோடு வாசிப்பு இரைச்சலின் வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதால் சிக்னலை வகுக்க வேண்டும். சேர்ந்த எலக்ட்ரானை வாசிக்கும் முன்பே பெருக்கும் சிசிடி கேமராவான இஎம்சிசிடியில் வாசிப்பு இரைச்சல் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆனால் பெருக்கம் ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் ஒரே அளவாக நடக்காததால் ஒளியின் இரைச்சல் 1.41 மடங்காகும், எனவே மூலத்துக்குள் சிக்னலை இரட்டிப்பாகப் போட வேண்டும்.

பழைய சிசிடி கேமராவுக்கு குவாண்டம் திறன் (விழும் ஃபோட்டானில் எலக்ட்ரானாக மாறும் பங்கு) 60%, வாசிப்பு இரைச்சல் 6 எலக்ட்ரான். புதிய வகைக் கேமராவான எஸ்சிமாஸில், மின்சுற்று இருக்கும் முன்பக்கத்தில் ஒளி விழும் வகைக்கு 82%, 1.6, பின்பக்கத்தில் ஒளி விழும் வகைக்கு 95%, 1.6, இஎம்சிசிடிக்கு 90% என்று வைத்துக்கொண்டால், சிக்னல்–இரைச்சல் விகிதம் இப்படி வரும்:

| பிக்சலுக்கு ஃபோட்டான் | சிசிடி | எஸ்சிமாஸ், முன்பக்கம் | எஸ்சிமாஸ், பின்பக்கம் | இஎம்சிசிடி |
|---|---|---|---|---|
| 1 | 0.10 | 0.45 | 0.51 | 0.67 |
| 5 | 0.48 | 1.59 | 1.76 | 1.50 |
| 100 | 6.1 | 8.9 | 9.6 | 6.7 |
| 1000 | 23.8 | 28.6 | 30.8 | 21.2 |

ஒற்றை ஃபோட்டானில் முந்துகிற இஎம்சிசிடி, 5 ஃபோட்டானிலேயே எஸ்சிமாஸிடம் பின்தங்குகிறது. 1000-க்குப் போனால் பழைய சிசிடியும் அதை முந்திவிடுகிறது. விலை அதிகம் என்பதால் எல்லா வேலைக்கும் உயர்ந்தது இஎம்சிசிடி என்ற எண்ணம் நம் ஆய்வகங்களில் இன்னும் இருக்கிறது. இந்தக் கணக்குப்படி பிக்சலுக்கு ஓரிரு ஃபோட்டான் மட்டுமே வரும் வேலைக்குத்தான் அது சரி.

இந்த அட்டவணையில் பின்னணி இல்லை. வேர், இலை போன்ற தடித்த மாதிரியில் குவியத்துக்கு வெளியே இருந்து வரும் ஒளியும் திசுவின் சொந்த ஒளிர்வும் பிக்சலில் விழும். சிக்னல் 10 ஃபோட்டான், பின்னணி 100 என்றால் பின்பக்க எஸ்சிமாஸ் 0.92, முன்பக்கம் 0.85, இஎம்சிசிடி 0.64, சிசிடி 0.59. பின்னணியே இரைச்சலை ஆளும்போது வாசிப்பு இரைச்சலைக் குறைக்கக் கொடுக்கும் காசு வீண். அங்கே செலவழிக்க வேண்டியது வடிகட்டியிலும், குவியத்துக்கு வெளியே இருந்து வரும் ஒளியை மறைக்கும் கான்ஃபோகல் நுண்ணோக்கியிலும். களக்காடு, முண்டந்துறைக் காட்டு இலைகளில் வேலை செய்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்: பச்சையம் 680 நானோமீட்டர் அருகே தானே ஒளிரும், 665-இல் ஒளிரும் தொலைசிவப்புச் சாயத்தை அது அமுக்கிவிடும். பச்சை நிறச் சாயத்துக்கு மாறி, 525 அருகே குறுகிய வடிகட்டி போடுவது எந்தக் கேமரா மாற்றத்தையும்விடப் பலன் தரும்.

அடுத்து பிக்சலின் பரப்பு. பரவலான இஎம்சிசிடியில் பிக்சல் 16 மைக்ரான், எஸ்சிமாஸில் 6.5. பரப்பில் 6 மடங்கு வித்தியாசம். ஒரே லென்ஸின் கீழ் இரண்டையும் மாற்றி மாட்டிப் படம் எடுத்தால் இஎம்சிசிடி பிக்சலுக்கு 6 மடங்கு ஒளி கிடைக்கும். அதைக் கண்டு "இதற்குத்தான் உணர்திறன் அதிகம்" என்று முடிவுகட்டுவது தப்பு. 100 மடங்கு லென்ஸில் இஎம்சிசிடி பிக்சல் மாதிரியில் 160 நானோமீட்டர், எஸ்சிமாஸ் 65. 1.4 துளை எண் (லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைச் சேர்க்கிறது என்பதன் அளவு) கொண்ட லென்ஸ் 520 நானோமீட்டர் ஒளியில் பிரிப்பது சுமார் 227. அதில் பாதியான 113-க்குள் பிக்சல் இருந்தால்தான் விவரம் தப்பாது. 6.5 மைக்ரான் பிக்சலுக்கு 60 மடங்கு லென்ஸ் 108 தருகிறது, அளவாகப் பொருந்தும். எஸ்சிமாஸில் 2×2 சேர்த்தால் வாசிப்பு இரைச்சல் 1.6-லிருந்து 3.2 ஆகும், ஏனெனில் நான்கையும் தனித்தனியே வாசித்த பிறகுதான் கூட்டுகிறது. சிசிடி சில்லிலேயே சேர்த்து ஒருமுறைதான் வாசிக்கும். சிசிடிக்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான சாதகம் இது. சோனி 2015-இல் சிசிடி உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. புதிதாக அதில் காசு போட வேண்டாம். இருப்பதை டாபி எண்ணிக்கைக்கும் பாடம் நடத்தவும் வைத்துக்கொள்ளலாம்.

பழைய சிசிடியைக் கழற்றி எஸ்சிமாஸ் மாட்டும்போது அடிக்கடி நேரும் பிசகு ஒன்று: நுண்ணோக்கிக்கும் கேமராவுக்கும் நடுவிலிருக்கும் 0.63 மடங்கு இணைப்பியை அப்படியே விட்டுவிடுவது. 40 மடங்கு லென்ஸில் பிக்சல் 258 நானோமீட்டராகிவிடும், மூலையெல்லாம் இருண்டுபோகும். 1 மடங்கு இணைப்பியைக் கேமராவோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

லென்ஸைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். முன்பக்க எஸ்சிமாஸிலிருந்து பின்பக்கத்துக்கு மாறினால் கிடைப்பது 16% கூடுதல் ஒளி. 40 மடங்கு, 0.75 துளை எண் உலர் லென்ஸை எடுத்துவிட்டு 40 மடங்கு, 1.3 எண்ணெய் லென்ஸ் போட்டால் சேரும் ஒளி 3 மடங்கு. கேமரா மானியத்துக்கு எழுதும்போது இந்த இரண்டு எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

எஸ்சிமாஸ் 2009-இல் அறிமுகமானது. பொதுவான அளவீட்டு வேலைக்கு எங்கள் தேர்வும் அதுதான், ஆனால் அதன் குணம் தெரிந்து வாங்க வேண்டும். ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனி பெருக்கி இருப்பதால் இரைச்சல் எல்லாப் பிக்சலிலும் ஒன்றல்ல. விவரத்தாளில் பெரிதாக அச்சிடும் எண் பெரும்பாலும் இடைநிலை மதிப்பு. சராசரி வர்க்கமூல மதிப்பு அதைவிடக் கூடுதலாக இருக்கும். இரண்டு கேமராவை ஒப்பிடும்போது ஒன்றின் இடைநிலையை மற்றதன் வர்க்கமூலத்தோடு வைத்துப் பார்த்துவிடக் கூடாது. வரிவரியாக வாசிப்பதால் 2048 வரிக்கு 10 மில்லிவிநாடி ஆகும். வேகமாக நீந்தும் உயிரி சாய்ந்து தெரியும். பின்பக்க ஒளி வகையில் சிலவற்றுக்கு இருட்டு மின்னோட்டம் விநாடிக்கு அரை எலக்ட்ரான் அளவு உண்டு. 100 மில்லிவிநாடிப் படத்தில் அது ஒன்றுமில்லை. 10 விநாடி திறந்து வைத்தால் 5 எலக்ட்ரான், இரைச்சல் 2.2, வாசிப்பு இரைச்சலையே மிஞ்சிவிடும். 2021-இல் வந்த ஹமாமட்சு ஓர்க்கா குவெஸ்ட் மெதுவான முறையில் வாசிப்பு இரைச்சலை 0.27 எலக்ட்ரான் வரை இறக்கியது. ஒற்றை ஃபோட்டானிலும் இஎம்சிசிடியை முந்துகிற அளவு அது. ஆனால் பிக்சல் 4.6 மைக்ரான், 6.5-இன் பரப்பில் பாதிதான்.

இஎம்சிசிடி ஏற்கெனவே இருந்தால் பெருக்கத்தை 200, 300-க்கு மேல் தள்ளாதீர்கள். 300 போட்டாலே 50 எலக்ட்ரான் வாசிப்பு இரைச்சல் 0.2-க்குக் கீழே போய்விடும். அதற்கு மேல் உணர்திறன் கூடாது, சில்லின் பெருக்கும் பகுதிதான் சீக்கிரம் தேயும். பெருக்கம் ஏற ஏற கொள்ளளவும் சுருங்கும்: பெருக்குப் பகுதி 8 லட்சம் எலக்ட்ரான் தாங்கினாலும், 300 மடங்கில் ஒரு பிக்சல் சுமார் 2,700 எலக்ட்ரானிலேயே நிரம்பிவிடும். மங்கலும் பளிச்சும் கலந்த மாதிரியில் பளிச்சென்ற செல்களின் எண் எல்லாம் பொய்யாகும்.

புள்ளி புள்ளியாக லேசரால் வருடும் கான்ஃபோகலில் கேமரா இல்லை. ஒரு புள்ளியில் 1, 2 மைக்ரோவிநாடி நின்று அளக்கும் பிஎம்டி, அதாவது ஒளியை மின்சாரமாக்கிப் பெருக்கும் குழாய். பழைய மல்டிஆல்கலி வகையின் குவாண்டம் திறன் பச்சை ஒளியில் 20–25%, காலியம் ஆர்சனைடு பாஸ்ஃபைடு வகையில் 40–45%. லேசரைப் பாதியாகக் குறைக்கலாம் என்பதே இதன் பொருள். டிசிஎஃப்டிஏ மாதிரியில் அது பெரிய விஷயம். ஆனால் அந்த வகை 700 நானோமீட்டரைத் தாண்டினால் சட்டென்று விழுந்துவிடும், அதிக ஒளி பட்டால் கெட்டும் போகும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் அது, தொலைசிவப்புக்கு மல்டிஆல்கலி என்று இரண்டு டிடெக்டரும் வைத்துக்கொள்வது நல்லது. ஃபோட்டானை ஒவ்வொன்றாக எண்ணும் ஒற்றை ஃபோட்டான் அவலாஞ்சு டயோடில் வேறு சிக்கல்: ஒருமுறை எண்ணியபின் 50 நானோவிநாடி கண் மூடும். விநாடிக்கு 10 லட்சம் ஃபோட்டானில் 5% தப்பும். 1 கோடியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். பளிச்சென்ற செல் மங்கலாகப் பதிவாகும்.

பிஎம்டியில் மின்னழுத்தத்தை மாதிரிக்கு மாதிரி திருப்புவதுதான் அளவீட்டைக் கெடுக்கும் முதல் காரணம். அழுத்தத்துக்கும் பெருக்கத்துக்கும் நேர்விகிதம் கிடையாது. மிகப் பளிச்சென்ற மாதிரியில் 12 பிட்டின் 4095 தொடாதபடி ஒருமுறை வைத்துவிட்டு, அந்தச் சோதனை முழுவதும் அந்தக் குமிழைத் தொடக் கூடாது.

எந்தக் கேமரா வாங்கினாலும், முதல் வாரத்தில் செய்ய வேண்டிய அளவுத்திருத்தம் அரை நாள் வேலை.

மூடியைப் போட்டு 100 படம் எடுங்கள். சராசரிதான் அடி எண், பல எஸ்சிமாஸில் அது 100. பிறகு மேல்விளக்கை அணைத்துவிட்டு, கீழ் எல்இடி ஒளியைக் குவியம் கலைத்துச் சமமாகப் பரப்புங்கள். இருட்டிலிருந்து நிரம்பலின் 80% வரை 10 வெவ்வேறு திறப்பு நேரங்களில், நேரத்துக்கு இரண்டு படம். இரண்டின் சராசரியிலிருந்து அடி எண்ணைக் கழியுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்து, கிடைப்பதன் மாறுபாட்டை (வேரியன்ஸ்) 2-ஆல் வகுங்கள். சராசரியைக் கிடைமட்டத்திலும் மாறுபாட்டைச் செங்குத்திலும் போட்டால் நேர்கோடு வரும். மேல்முனையில் வளைந்தால் அந்த எல்லைக்கு மேல் அளக்காதீர்கள். சராசரி 2000-இல் மாறுபாடு 4350 என்றால், 2000-ஐ 4350-ஆல் வகுத்து, ஓர் எண்ணுக்கு 0.46 எலக்ட்ரான். இஎம்சிசிடியில் பெருக்கத்தை வைத்து இதைச் செய்தால் மாறுபாடு இரட்டிப்பாகத் தெரியும், 2-ஆல் வகுக்க மறந்தால் எல்லாம் பாதியாகும்.

இனி ஒரு செல் 140, பக்கத்துச் செல் 120 காட்டுகிறது என்று வையுங்கள். அடி எண்ணைக் கழிக்காமல் வகுத்தால் 1.17 மடங்கு. கழித்தால் 40-ம் 20-ம், இரண்டு மடங்கு. 40 எண் என்பது 18.4 எலக்ட்ரான், 82% திறனில் சுமார் 22 ஃபோட்டான். மேலே உள்ள அட்டவணையில் உங்கள் மாதிரி எந்த வரிசையில் நிற்கிறது என்று இப்போது தெரியும். படத்தை 16 பிட் டிஃப் கோப்பாகவே சேமியுங்கள். ஜேபெக்கில் இந்தக் கணக்கு எதுவும் மிஞ்சாது.

கடைசியாக நம் ஊர்த் தட்பவெப்பம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அறை 28 டிகிரி, ஈரப்பதம் 70% என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 22 டிகிரி. தண்ணீரால் குளிர்விக்கும் கேமராவுக்கு 15 டிகிரி நீர் அனுப்பினால் குழாயும் இணைப்பும் வியர்த்து மின்பலகையில் சொட்டும். ஏசி போட்டு 24 டிகிரி, 50% ஆக்கினால் பனிநிலை 13-க்கு இறங்கும். அப்போதுதான் 15 டிகிரி நீர் பாதுகாப்பு. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் விசிறிக் குளிர்விப்பு குறித்த வெப்பநிலையை எட்டாது, இருட்டு மின்னோட்டம் நாளுக்கு நாள் மாறும். அன்றன்று இருட்டுப் படம் எடுத்தே ஆக வேண்டும். மின்வெட்டுக்கு கேமரா, விளக்கு, கணினி மூன்றும் ஆன்லைன் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். மின்சாரம் திரும்பியபின் சில்லின் வெப்பநிலை நிலைக்கும்வரை அரை மணி காத்திருந்து, மூடியைப் போட்டு அடி எண்ணை மறுபடி பார்த்த பிறகே அடுத்த படம்.