வளர்ந்த மலைப்பாம்புக்குக் கண்ணாடியா, மரமா, பிவிசியா: பெட்டியும் வெப்பமும்

செல்லப்பிராணிக் கடைகளில் பாம்புப் பெட்டிகள் ஓர் அடுக்கிலும் வெப்பக் கருவிகள் வேறோர் அடுக்கிலும் இருப்பதால், இரண்டையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம் என்றே முதன்முறை வாங்குபவர் எண்ணுகிறார். உண்மையில் பெட்டி எதனால் ஆனது என்பதே அதற்குள் எந்தக் கருவி பயன்படும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்துவிடுகிறது. இந்த ஒப்பீட்டுக்கு, உலகெங்கும் வீடுகளில் பரவலாக வளர்க்கப்படும் பால் பைத்தான் என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பையும் கனடாவின் ஒன்டாரியோ குளிர்காலத்தையும் எடுத்துக்கொள்கிறேன். நான் வளர்ப்பது அந்தப் பாம்பைத்தான். என்னை வாட்டுவதும் அந்தக் குளிர்தான். (இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு சொல்: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர் மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது குற்றம்.)

வளர்ந்த பெண் பால் பைத்தான் நான்கு முதல் ஐந்து அடி நீளம் இருக்கும். அது உடலை ஏறக்குறைய முழுவதுமாக நீட்டிப் படுக்க, நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட பெட்டி தேவை. அதன் ஒரு முனையில் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை சூடாகவும், மறுமுனை 25 முதல் 27 டிகிரிக்குள்ளும், காற்றின் ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். சனவரி மாதத்தில் என் வீட்டின் வெப்பநிலை 20 டிகிரியைச் சுற்றியே நிற்கிறது. வீட்டைச் சூடாக்கும் உலை இடைவிடாமல் ஓடுவதால் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எனவே பெட்டியின் சூடான முனையை வீட்டைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி உயர்த்தவும், ஈரத்தை இரு மடங்காக்கவும் வேண்டியுள்ளது. இது ஒருசில ஆண்டுகளில் முடிகிற வேலையும் அன்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவுக்கு 1961இல் வந்து சேர்ந்த ஒரு பால் பைத்தான் 2020இல் முட்டையிட்டது.

நான் முதலில் வாங்கியது கம்பிவலை மூடியுடன் கூடிய கண்ணாடித் தொட்டி. கடைக்காரர் அதனுடன், ஒளியின்றி வெப்பம் மட்டும் தரும் ஒரு செராமிக் குமிழையும் சேர்த்து விற்றார். ஈரப்பதத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வலையின் மேல் வைத்த குமிழின் வெப்பத்தில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே போயிற்று. மிச்ச வெப்பத்தை நான்கு கண்ணாடிச் சுவர்கள் வெளியே கடத்தின; அதே தடிமனில் மரம் கடத்துவதைப் போலப் பல மடங்கு வெப்பத்தைக் கண்ணாடி கடத்தும். காலையில் தெளித்த நீர் நண்பகலுக்குள் வலை வழியே ஆவியாகிப் போகும். அந்தக் குளிர்காலத்தில் பாம்பு உரித்த சட்டை பதினேழு துண்டுகளாக வந்தது. வால்நுனியில் மோதிரம்போல இறுகியிருந்த கடைசித் துண்டை, பாம்பை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, ஈரத் துணியால் உருவி எடுக்க வேண்டியிருந்தது. பெட்டி சரியாக இருந்தால் சட்டை தலை முதல் வால் வரை ஒரே உறையாகக் கழன்றுவிடும். வலையில் முக்கால் பங்கை மூடி, மூன்று பக்கங்களிலும் நுரைப்பலகை ஒட்டினால் கண்ணாடித் தொட்டியையும் சமாளிக்கலாம். ஆனால் அப்படி ஒட்டியபின் அதில் கண்ணாடி எங்கே மிஞ்சுகிறது? மேலும், இந்த அளவில் அது ஏறக்குறைய நாற்பது கிலோ கனக்கும்.

மரப்பெட்டி பிரிட்டனில் நெடுங்காலமாகப் புழங்கும் வடிவம். முன்புறம் மட்டும் நகரும் கண்ணாடி, மற்றவை மெலமைன் பூசிய பலகை. வெப்பத்தை அது நன்றாகப் பிடித்துவைக்கும், விலையும் குறைவு. அதன் பகை ஈரம். பலகையின் வெட்டுமுனை வழியே நீர் புகுந்தால் ஓராண்டுக்குள் உப்பி, இற்றுப்போகும். ஆகவே உள்மூலைகள் அனைத்திலும் சிலிக்கோன் பசை பூசி, அதன் காடி மணம் முற்றிலும் நீங்கும்வரை சில நாட்கள் பெட்டியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இரண்டு கண்ணாடிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்திலுள்ள இடுக்கையும் கவனிக்க வேண்டும். இரவெல்லாம் மூக்கால் நெம்புகிற பாம்புக்குப் பூட்டில்லாத கண்ணாடி ஒரு பொருட்டே அன்று.

நுரைத்த பிவிசி பலகையாலான பெட்டி இந்த இரண்டின் குறைகளையும் தவிர்க்கிறது. அது நீரை உறிஞ்சாது, வெப்பத்தை எளிதில் விடாது, ஒரே ஆள் தூக்குமளவுக்கு இலேசானது. கதவு முன்புறம் இருப்பதால் கை மேலிருந்து இறங்குவதில்லை. மேலிருந்து வருவதையெல்லாம் பருந்தாகவே எண்ணும் விலங்குக்கு இது சிறிய ஆறுதல் அன்று. விலை மட்டும் மூன்றிலும் அதிகம். பிளாஸ்டிக் தொட்டிகளை அடுக்கி வளர்க்கும் முறை வணிகத்துக்காகக் குட்டி எடுப்பவர்களுக்கு வசதியானது. வளர்ந்த பாம்புக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி வெப்பம். மலிவான வெப்பப் பாய் தரையை மட்டுமே சூடாக்கும், காற்றைச் சூடாக்காது. கண்ணாடிக்கு அடியில் அது ஓரளவு பயன்படும். மரத்துக்கு அடியில் வைத்தால் பலகை வெப்பத்தைத் தடுக்க, பாய் தானே கொதிக்கத் தொடங்கும். சூடாகும் செயற்கைப் பாறையை வாங்கவே கூடாது. பைத்தான்களின் உதட்டோரக் குழிகள் இருட்டில் ஓர் எலியின் உடல் வெப்பத்தை அறியும் அளவுக்கு நுண்மையானவை. அதே பாம்பு தன் வயிற்றின்கீழ் தோல் வெந்துகொண்டிருந்தாலும் நகராமல் படுத்திருக்கும். இந்த முரணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

செராமிக் குமிழ் ஒளியின்றி இரவும் பகலும் காற்றைச் சூடாக்கும். மரப்பெட்டிக்கு அது நல்ல துணை. அதன் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டுவதால், கம்பிக்கூடு இல்லாமல் பெட்டிக்குள் மாட்டக்கூடாது. பிவிசி ஏறத்தாழ 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் என்பதால், அந்தக் கூரையை ஒட்டி இதை மாட்டுவதும் தவறு. பிவிசிக்கு ஏற்றது கூரையில் திருகிவிடும் தட்டையான வெப்பப் பலகை. அது பரந்த பரப்பிலிருந்து மிதமான வெப்பத்தைக் கீழே செலுத்தும். பாம்பு சுற்றிக்கொள்ள அதில் பிடிப்பு இல்லை. காற்றையும் குறைவாகவே உலர்த்தும். 80 வாட் பலகை ஒரு நாளில் பாதி நேரம் இயங்கினால் செலவு ஒரு யூனிட் மின்சாரம்தான். வலை மூடியில் அதைத் திருக இடமே இல்லை என்பது கண்ணாடித் தொட்டிக்கு இன்னொரு பின்னடைவு. ஹாலஜன் விளக்கின் அகச்சிவப்புக் கதிர், வெயிலைப் போலத் தசைக்குள் ஆழ ஊடுருவுகிறது என்ற வாதத்தில் வலு உண்டு. பகலில் அதைச் சேர்ப்பதை வரவேற்கிறேன். ஆனால் இரவில் அணைத்தாக வேண்டிய விளக்கைத் தனித்து நம்ப இயலாது.

எனவே ஒன்டாரியோ போன்ற உலர்குளிர் ஊரில் என் தேர்வு, வெப்பப் பலகை பொருத்திய பிவிசி பெட்டி. பணம் இடிக்குமானால் சிலிக்கோன் பூசிய மரப்பெட்டியும், கூட்டுக்குள் அடைத்த செராமிக் குமிழும் போதும். பாம்பின் கீழே தேங்காய்நார்த் தூளை மூன்று விரற்கடை பரப்பினால் ஈரம் நிற்கும். நம் ஊர்த் தேங்காய் மட்டை கனடாவில் கட்டியாக அழுத்தப்பட்டு என்ன விலைக்கு விற்கிறது என்பதைக் கேட்காதீர்கள்.

எதை வாங்கினாலும், வெப்பத்தைக் குறித்த அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. பாய்க்கு நிறுத்தி இயக்கும் எளிய வகை போதும். செராமிக்குக்கும் வெப்பப் பலகைக்கும் மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தும் துடிப்பு வகையும், ஹாலஜனுக்கு ஒளியைத் தணிக்கும் வகையும் தேவை. வெப்பத்தை அறியும் அதன் உணரியைப் பெட்டியின் சுவரில் அசையாமல் பொருத்துங்கள். தரையில் கிடந்தால் பாம்பு அதை நீர்க்கிண்ணத்துக்குள் தள்ளும், ஈரமான உணரி குளிர்ந்திருப்பதாகக் காட்டும், கருவியும் ஓயாமல் சூடாக்கும். தொடாமலே சூட்டை அளக்கும் துப்பாக்கி வடிவ வெப்பமானியைக் கதவைத் திறந்து வைத்தே நீட்ட வேண்டும்; மூடிய கண்ணாடி வழியே நீட்டினால் அது காட்டுவது கண்ணாடியின் சூட்டைத்தான். வெறும் பெட்டியை ஒரு வாரம் ஓடவிட்டு, விடியற்காலையிலும் நண்பகலிலும் எண்களைக் குறித்துக்கொண்டு, அவை ஏழு நாளும் மாறாமல் நின்ற பிறகே பாம்பை உள்ளே விடுங்கள்.