பிரசவப் பந்து: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பிரசவப் பந்து என்று தனியாக ஒன்று கிடையாது. உடற்பயிற்சிக் கூடத்தில் கிடக்கும், காற்றடைத்த அதே பெரிய ஜிம் பால்தான். வெளிர் நிறமும் அட்டையில் ஒரு கர்ப்பிணியின் படமும் சேர்ந்தால் பெயர் மாறிவிடுகிறது. பெயருக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். மற்றபடி, பிரசவத்துக்குத் தயாராகும் பெண்களிடம் விற்கப்படும் சாமான்களில் உருப்படியானவை சிலதான். அவற்றில் இதுவும் ஒன்று.

ஆனால் பெட்டிக்குள் வரும் கையேடுகள் பல சொல்லும் காரணத்துக்காக அல்ல. பந்தில் துள்ளினால் பிரசவ வலி எடுக்கும், சுழன்றால் குழந்தையின் தலை கீழே திரும்பும் என்கின்றன அவை. இரண்டையும் நம்பி உட்கார வேண்டாம். நிறைமாதத்தை நெருங்கியும் தலை மேலேயே இருந்தால், வயிற்றின் வெளியிலிருந்து கையால் திருப்பிப் பார்க்கலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். பெரும்பாலும் 36, 37 வாரங்களில் அந்தப் பேச்சு வரும். பந்தை நம்பி அந்த நேரத்தைக் கடத்துவது தவறு.

பந்தின் உண்மையான பயன் வேறு. பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் ஏறும் என்று பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1930களிலேயே எழுதினார். வலி முழுவதும் பயத்தால் வருவதல்ல; அந்த அளவுக்கு அவரோடு போக முடியாது. ஆனால் பயத்தில் தோளும் தாடையும், இடுப்பின் அடியில் தொட்டில்போல் தாங்கி நிற்கும் இடுப்புத்தளத் தசையும் இறுகுவது யாருக்கும் தெரிந்ததே. சிக்கல் என்னவென்றால், "தளர்த்திக்கொள்" என்று சொன்னவுடன் எந்தத் தசையைத் தளர்த்துவது என்று பலருக்குத் தெரிவதில்லை. இடுப்புத்தளத் தசை கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் எளிதில் அகப்படாது.

பந்து இங்கேதான் உதவுகிறது. மெத்தென்ற பரப்பில் கால்களை அகட்டி உட்கார்ந்து மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசை இறங்கும்போது இடுப்புத்தளமும் சற்றே இறங்கிப் பந்தில் படிவதை உணரலாம். வெளியே விடும்போது லேசாக மேலே போகும். இப்போது வேண்டுமென்றே பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்துப் பாருங்கள். அடியில் எங்கே இறுகுகிறது என்பது அப்போது தெரியும். நாற்காலியில் இது இவ்வளவு தெளிவாகப் பிடிபடாது.

அளவை உயரம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உத்தேசமாக 160 செ.மீ.க்குக் குறைந்தவர்களுக்கு 55 செ.மீ. பந்து, அதற்கு மேல் 65, நல்ல உயரமானவர்களுக்கு 75. கடைசித் தீர்ப்பு உட்கார்ந்து பார்த்தபின்தான்: பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். முழங்கால் மேலே ஏறி நின்றால் பந்து சிறியது, அல்லது காற்று போதவில்லை. அட்டையில் "300 கிலோ தாங்கும்" என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் அசையாமல் வைத்த எடைக்கான கணக்கு. அதைவிட "வெடிக்காத வகை" என்ற குறிப்பு முக்கியம். அந்த வகை, ஓட்டை விழுந்தால் பட்டென்று கிழியாது, மெல்லக் காற்று இறங்கும். விழாமல் எழுந்துகொள்ள நேரம் கிடைக்கும்.

அதிகம் பேர் சொதப்புவது காற்றடிப்பதில். முதல் நாளே முழு அளவுக்கு அடித்துவிட்டுப் பந்து கல்லாக இருக்கிறது என்கிறார்கள். அல்லது மறுநாள் தொய்ந்துவிட்டது, சரக்கு சரியில்லை என்கிறார்கள். புதுப் பந்தை முதலில் எண்பது சதவீதம் மட்டும் நிரப்பி, ஒரு நாள் விட்டு, பிறகு மீதியை அடிக்க வேண்டும். பொருள் விரிந்து கொடுக்க அந்த இடைவெளி தேவை. 65 செ.மீ. பந்து என்றால் சுவரில் 65 செ.மீ. உயரத்தில் ஒரு டேப் துண்டை ஒட்டி, பந்தின் உச்சி அதைத் தொடுகிறதா என்று பார்த்தால் அளவு தப்பாது. புதுப் பந்தின் ரப்பர் வாடை குமட்டலைக் கிளப்பலாம். ஓரிரு நாள் காற்றாட வைத்தால் குறையும்.

வழுக்காத விரிப்பின்மேல், சுவரோரம் வைத்து, வெறுங்காலோடு உட்காருங்கள். ஆரம்பத்தில் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். இடுப்பை முன்னும் பின்னும் சாய்ப்பது, வட்டமாகச் சுழற்றுவது, எட்டுப் போடுவது: பத்துப் பதினைந்து நிமிடம் போதும், துள்ளலே வேண்டாம். முட்டி போட்டுப் பந்தின்மேல் மார்பையும் கைகளையும் சாய்த்துக்கொள்வது முதுகுவலிக்காரர்களுக்கு உட்காருவதைவிட இதமானது. வயிற்றின் பாரம் முதுகிலிருந்து இறங்குகிறது.

மூச்சுப் பயிற்சியை இதோடு சேர்க்காவிட்டால் பந்து வெறும் நாற்காலிதான். மூக்கால் நான்கு எண்ணி இழுத்து, வாயால் ஆறு எண்ணி விடுங்கள். ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி என்றால் ஒரு நிமிட வலிக்கு ஆறே மூச்சு. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் வலி எல்லையில்லாததாகத் தோன்றாது. சோதித்துப் பார்க்க, உள்ளங்கையில் ஐஸ்கட்டியை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு அதே ஆறு மூச்சையும் விடுங்கள். தோள் ஏறுகிறதா, தாடை இறுகுகிறதா என்று கூட இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும். பிரசவ அறையில் அவர் செய்யப்போகும் வேலையும் அதுதான். உதடோ விரல் நுனியோ மரத்து, தலை சுற்றினால் மூச்சு வேகமாகிவிட்டது, கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது என்று அர்த்தம். வெளிவிடும் மூச்சை நீட்டினால் சரியாகும்.

வலி எடுத்தபின் இதனால் நேரம் குறையுமா? நிமிர்ந்த நிலையிலும் நடமாட்டத்திலும் இருந்தவர்களுக்கு கருப்பை வாய் திறக்கும் முதல் கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைந்ததாக, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. அது நிமிர்ந்திருப்பதற்கும் நடமாடுவதற்குமான கணக்கு, பந்துக்கு மட்டுமானதல்ல. நிமிர்ந்து உட்கார ஒரு வழி என்ற அளவில் பந்துக்கும் அதில் பங்கு உண்டு, அவ்வளவே. லேபர் வார்டில் சொந்தப் பந்தை அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். அங்கே போய்க் காற்றடிப்பது நடக்காத காரியம். எபிடியூரல் (முதுகில் போடும் வலி மரக்கும் ஊசி) போட்டுக் கால் மரத்தபின் இதில் உட்காரக் கூடாது. அப்போது உதவுவது நிலக்கடலை வடிவப் பந்து: ஒருக்களித்துப் படுத்து இரு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொள்வது.

ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கருப்பையின் கீழ்ப்பகுதியில் இருக்கும் நிலை, குறைமாதப் பிரசவ அபாயம், அடிக்கடி தலைசுற்றல் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். இடுப்பெலும்பு முன்பக்கம் வலிப்பவர்கள் காலை அதிகம் அகட்டக் கூடாது.

வாங்கும்போது பெட்டியைத் திறந்து, காற்று மூடி இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பந்தில் முதலில் தொலைவது அந்தச் சின்ன வெள்ளை மூடிதான், காற்று கசிவதும் அதில்தான். மாற்று மூடி இல்லாத பந்தை வேறு எதற்காகவும் வாங்க வேண்டியதில்லை.