பதினோரு வருடம் ஒரு செவலைப் பூனையோடு

2014 ஐப்பசி மழையில், மாடிப்படிக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த செவலைக் குட்டியை அம்மா முந்தானையில் சுருட்டி எடுத்து வந்தார். இப்போது அவனுக்கு 11 வயது. பூனை வளர்க்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அதன் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதைத்தான். அது தெரியாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

எங்கள் வீடு சைவம். முதல் நாலு மாதம் அவனுக்குப் பாலும் தயிர்சாதமும்தான். வயிறு கழிந்துகொண்டே இருந்தது. பால் மறந்த பிறகு பெரும்பாலான பூனைகளுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை சரியாகச் செரிக்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லித்தான் தெரியும். இனிப்பும் அவற்றுக்குத் தெரியாது. இனிப்பை உணர வைக்கும் மரபணுக்களில் ஒன்று பூனையிடம் செயலிழந்து கிடப்பதை 2005இல் கண்டறிந்தார்கள். பாயசத்தை மோந்துவிட்டு அவன் முகம் திருப்பியது அதனால்தான். இதைவிட முக்கியமானது டாரின் என்ற சத்து. தேவையான அளவுக்கு அதைப் பூனையின் உடம்பு தயாரித்துக்கொள்ளாது, இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். குறைந்தால் விழித்திரையும் இதயத் தசையும் கெடும். இதைக் கேட்ட மறுநாளே அம்மா பின்கட்டில் தனி அடுப்பு வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு நெத்திலி வேகவைத்தார். டாரின் சேர்த்த பூனைத் தீனிதான் இப்போது அவனுக்கு முக்கிய உணவு. ஆனாலும் அந்த அடுப்பு அங்கேயே இருக்கிறது.

2019இல் நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு கலங்கும். மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்தான், முக்கினான், ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு பகலை வீணாக்கினேன். முதலில் பார்த்த மருத்துவரும் அதற்கே மருந்து கொடுத்தார். இரவு அடிவயிற்றைத் தொட்டபோது எலுமிச்சம்பழம் போலக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. நிரம்பிப்போன சிறுநீர்ப்பை! அப்போதும் மடியில் படுத்துக் குர்ர்ர் என்று சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான். சந்தோஷத்தில் மட்டும் வரும் சத்தமல்ல அது, வலியிலும் வரும் என்று அன்றுதான் புரிந்தது. வேறு மருத்துவமனையில் நள்ளிரவில் குழாய் போட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகல். முழுதாக அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடலாம். ஆண் பூனை வைத்திருப்பவர்கள் இந்த அறிகுறியைக் கண்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, வறண்ட நிலத்துப் பிராணி. இரையில் இருக்கும் ஈரத்தை வைத்தே பெரும்பாலும் காலம் தள்ளும். அதனால்தான் நம் பூனைக்கும் தாகம் குறைவு, சிறுநீர் அடர்த்தி. உலர் தீனியை மட்டும் போட்டால் உடம்புக்குள் போகும் தண்ணீர் குறைந்துவிடும். அன்றிலிருந்து ஈரத் தீனியைக் கூட்டினோம், வீட்டில் நாலு இடத்தில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைத்தோம். தீனித் தட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைவிட முற்றத்துச் சட்டியில்தான் விரும்பிக் குடிக்கிறான்.

அவன் குடிப்பதைக் குனிந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். நாக்கைக் கரண்டியாக்கி அள்ளுவதில்லை. நாக்கு நுனி தண்ணீரின் மேல் லேசாகப் பட்டு விருட்டென்று மேலே போகும், கூடவே மெல்லிய தூணாகத் தண்ணீர் எழும், அது விழுவதற்குள் வாய் மூடிக் கவ்விக்கொள்ளும். நொடிக்குச் சுமார் 4 தடவை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பிடித்து 2010இல் வெளியிட்ட கணக்கு அது.

மீசை முகத்தில் மட்டும் இருப்பதில்லை. முன்னங்காலைப் பிடித்து மணிக்கட்டின் பின்பக்கம் பாருங்கள், அங்கேயும் விறைப்பாகச் சில முடிகள் இருக்கும். இரையை அமுக்கிப் பிடிக்கும்போது அதன் அசைவை அறிய அவை உதவும்.

இன்னொன்று, காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அதை முறித்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, ஒரே மாத்திரை போதும் உயிர் போக.

இப்போது வயதாகிவிட்டது. போன தையிலிருந்து ஜன்னல் திண்டுக்குத் தாவும் முன் நின்று யோசிக்கிறான். வயதான பூனைகளுக்கு மூட்டு வலி சகஜம், பெரும்பாலும் நொண்டாது, தாவுவதைக் குறைத்துக்கொள்ளும். ஜன்னலடியில் அம்மா ஒரு முக்காலியைப் போட்டு மேலே பழைய புடவையை மடித்து விரித்திருக்கிறார். முதல் இரண்டு நாள் சுற்றிச் சுற்றி மோந்தான். மூன்றாம் நாள் காலையில் அதன்மேல் காலை வைத்து ஏறி, வெயிலில் போய்ப் படுத்துக்கொண்டான்.