குழாயா, கப்பலா? இந்தியாவுக்கு எரிவாயு வரும் வழிகள்

இந்தியா எரிக்கும் இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி இறக்குமதி. அத்தனையும் கப்பலில்தான் வருகிறது. ஈரானும் துர்க்மெனிஸ்தானும் இவ்வளவு அருகில் இருந்தும், எல்லை தாண்டி வரும் எரிவாயுக் குழாய் ஒன்றுகூட நமக்கு இல்லை.

பேச்சு மட்டும் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. துர்க்மெனிஸ்தானின் கல்கினிஷ் எரிவாயு வயலிலிருந்து ஹெராத், காந்தகார், குவெட்டா, முல்தான் வழியாகப் பஞ்சாபின் ஃபாசில்கா வரை வரவேண்டியது டாபி (TAPI) குழாய்; துர்க்மெனிஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்தான் பெயர். சுமார் 1,800 கி.மீ. நீளம், ஆண்டுக்கு 3,300 கோடி கன மீட்டர். 2015 டிசம்பரில் வேலை தொடங்கியது, இன்னும் நம் எல்லையை எட்டவில்லை. ஆப்கானிஸ்தானில் ஒரு வால்வை மூடினாலும் போதும், பாகிஸ்தானில் மூடினாலும் போதும், ஃபாசில்காவில் அடுப்பு அணைந்துவிடும்.

ஈரானின் தென் பார்ஸ் எரிவாயு வயலிலிருந்து வரவேண்டிய குழாய்க்கு நடுவில் பாகிஸ்தான் மட்டும்தான். விலைத் தகராறு, பாதுகாப்பு, அமெரிக்க நெருக்கடி என்று 2009 வாக்கில் இந்தியா ஒதுங்கிக்கொண்டது. 2013இல் அன்றைய ஈரான் அதிபர் அகமதிநெஜாதும் பாகிஸ்தான் அதிபர் சர்தாரியும் கூடித் தொடங்கிவைத்தும், அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளுக்கு அஞ்சிப் பாகிஸ்தான் தன் பகுதியை முடிக்கவில்லை. ஓமானிலிருந்து கடலடியில் போடலாம் என்ற யோசனையும் உண்டு. ஆனால் 3,000 மீட்டருக்கும் மேல் ஆழம், காகிதத்தோடு நிற்கிறது.

சரி, கப்பல்? எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். 2004இல் குஜராத்தின் தஹேஜிலும், 2019இல் நம் எண்ணூரிலும் இந்தத் திரவத்தை இறக்கும் முனையங்கள் திறந்தன. குளிர்விக்க, ஏற்ற, மறுபடி வாயுவாக்க என்று செலவு கூடுதல். கத்தார் சரக்கு ஈரானை ஒட்டிய குறுகலான ஹார்முஸ் நீரிணை வழியாகத்தான் வந்தாகவேண்டும். இன்னொரு கோளாறை 2022இல் பார்த்தோம். ரஷ்யக் குழாய் எரிவாயு குறைந்ததும் ஐரோப்பா எந்த விலைக்கும் வாங்கத் தயாரானது. கப்பல்கள் அங்கே திரும்பின, விலைகொடுக்க முடியாத பாகிஸ்தானும் வங்கதேசமும் மின்வெட்டில் தவித்தன. குழாய் அப்படித் திசை மாறாது.

அப்படியும் நான் கப்பல் பக்கம்தான். கத்தார் இல்லையென்றால் ஆஸ்திரேலியாவிடமோ அமெரிக்காவிடமோ கேட்கலாம். குழாயில் வந்தால் விற்பவரும் ஒருவரே, வழியும் ஒன்றே. 2024இல் கத்தாருடன் 2048 வரை ஒப்பந்தத்தை நீட்டித்தது நல்ல முடிவு. விட்டுப்போனது சேமிப்பு. கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூர், பாதூரில் நிலத்தடிக் கிடங்குகள் கட்டினோம். எரிவாயுவுக்கு அப்படி ஒன்றுகூட இல்லை. டாபிக்குச் செலவழிக்கும் நேரத்தை இதற்குச் செலவழிக்கலாம்.