ஒரே புரியில் நின்ற படகு: நான்கு சூறாவளி பார்த்த என் நைலான் கயிறு

ஹூஸ்டன் நண்பன் போன வாரம் கூப்பிட்டான். "புயல் சீசன் முடிஞ்சதுல கயிறு விலை இறங்கியிருக்குடா. நீ கட்டுறதையே நானும் எடுத்துரவா?" சட்டென்று 'எடு' என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று இங்கே எழுதிவிடுகிறேன், அவனும் படிக்கட்டும்.

என்னுடையது 31 அடி பாய்மர யாட். ஃப்ளோரிடா மேற்குக் கரையில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கால்வாய் ஒன்றில் கட்டிக் கிடக்கிறது. இந்த அளவுப் படகுக்கு அரை அங்குலக் கயிறே தாராளம். புயலுக்கென்று 2021இல் 5/8 அங்குல முப்புரி நைலான் வாங்கினேன். இயன், இடாலியா, ஹெலீன், மில்டன் என்ற நான்கு சூறாவளியையும் அது பார்த்துவிட்டது.

முதலில் கயிற்றுக்குச் சேர வேண்டிய நியாயம். நைலான் இழுத்தால் நீளும். காற்று படகை வெடுக்கென்று இழுக்கும்போது அந்த அதிர்ச்சியைக் கயிறே வாங்கிக்கொள்கிறது, படகில் கயிறு கட்டும் கொம்பான கிளீட்டைப் பிடுங்க விடுவதில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின்மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்கு என்பதை மறந்துவிடக் கூடாது.

நீளத்தில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது. 10 அடிக் கயிற்றில் கட்டியிருக்கும்போது தண்ணீர் 6 அடி ஏறினால், இன்னும் ஒன்றரை அடிக்கு மேல் கயிறு வேண்டும். 30 அடிக் கயிறு என்றால் அரை அடியும் கொஞ்சமும் போதும். அதனால்தான் எதிர்க்கரை வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் தூணிலும் கட்டுகிறேன்.

2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் நேராக எங்கள்மேல் வரவில்லை. மேற்கே கடலில் தள்ளியே வடக்கு நோக்கிப் போனது. ஆனாலும் தெற்கிலிருந்து அடித்த காற்று டாம்பா வளைகுடாவுக்குள் நீரைத் தள்ளி 6 அடிக்கு மேல் ஏற்றிவிட்டது. படகு கட்டும் மேடையான டாக் முழுகிப்போனது. 13 நாள் கழித்து மில்டன், எங்களுக்குத் தெற்கே சியெஸ்டா கீயில் கரையேறியது. அப்போது நேர் எதிர்: காற்று வளைகுடா நீரைக் கடலுக்கு வழித்துக்கொண்டு போனது. ஏறிய தண்ணீரையும் இறங்கிய தண்ணீரையும் அதே கட்டுத்தான் தாங்கியது. இந்தக் கயிற்றை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

என் கோபமெல்லாம் அதன்மேல் மாட்டும் உறைமேல்.

படகின் ஓரத்தில் உலோகத் துளையில் வளைந்து கயிறு வெளியேறும் இடம் ஒரு சாண்கூட இருக்காது. புயலில் கயிறு தேய்ந்து அறுவது அங்கேதான். அதைத் தடுக்க பாலியெஸ்டர் நெசவு உறை விற்கிறார்கள், இரண்டு முனையிலும் கட்டிக்கொள்ள ஒரு நாடாவோடு. நனைந்ததும் அந்த நாடா வழுக்கும். கயிறு நீளும்போது மெலிகிறது, சுருங்கும்போது பருக்கிறது; ஒவ்வொரு இழுப்புக்கும் உறை கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. ஹெலீனுக்கு மறுநாள் போய்ப் பார்த்தேன். முன்பக்க இடது கயிற்றின் உறை ஒரு முழம் தள்ளி, ஒரு கீறல்கூட இல்லாமல் புதுசாக இருந்தது. அது காக்க வேண்டிய இடத்தில் மூன்று புரியில் இரண்டு அறுந்து பஞ்சாகப் பிரிந்து கிடந்தன. மூன்றாவது மட்டும் கம்பிபோல விறைத்து நின்றது. தொட்டுப் பார்த்தேன், கை நடுங்கியது.

இன்னொரு கயிற்றுக்குத் தோட்டத்து ரப்பர் குழாயை வெட்டி மாட்டியிருந்தேன். அது அசையவே இல்லை, வெளியே காயமும் இல்லை. புரியைத் திருகிப் பிரித்தால் உள்ளே இழைகள் உருகி மெழுகுபோலக் கெட்டித்திருந்தன. நைலான் நீண்டு சுருங்க, உள்ளே சூடேறும். மழை பட்டால் ஆறும். குழாய் மழையை உள்ளே விடவில்லை. நெசவு உறை விடும். ஆக, துணி சரி, நாடாதான் தப்பு.

மில்டன் வருகிறது என்றதும் பாய் தைக்கும் ஊசியும் மெழுகு நூலும் எடுத்து, ஒவ்வொரு உறையையும் புரிகளுக்கு நடுவே நூலை விட்டுத் தைத்தேன். எட்டுக் கயிறு, பதினாறு முனை, ஒரு முழு இரவு. ஒன்றுகூட நகரவில்லை. இந்த வேலையை வாங்குகிறவன் தலையில் ஏன் கட்ட வேண்டும்? முனையில் நாலு தையல் துளை போட்டுத் தருவது அவ்வளவு பெரிய காரியமா?

முன்பாயைச் சுற்றி வைத்தால் போதும் என்று விட்டுவிடுகிறவர்கள் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். காற்றுக்கு ஒரு மூலை கிடைத்தால் முழுப் பாயும் விரிந்துவிடும். அப்புறம் எந்தக் கயிறும் நிற்காது.

இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பனுக்கு நான் சொல்லும் பதில்: வாங்காதே. கயிறு நல்ல கயிறுதான். அது கையில் இருக்கிற தைரியத்தில்தான் நான் நான்கு தடவையும் படகைத் தண்ணீரிலேயே விட்டேன். அந்த ஒற்றைப் புரியைப் பார்த்த பிறகு எனக்கு அந்தத் தைரியம் இல்லை. புயல் சீசன் தொடங்கும் ஜூன் 1க்குள் படகைக் கரையேற்ற கிரேனுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். தாங்குகால்களைச் சங்கிலியால் பிணைத்து, படகைத் தரையில் புதைத்த நங்கூரங்களோடு பட்டை போட்டுக் கட்டித் தருகிற இடம் அது. நீயும் உன் ஊரில் அப்படி ஒரு இடம் விசாரி. கிடைக்காவிட்டால் கயிற்றை எடுத்துக்கொள், கூடவே ஊசியும் நூலும்.