அம்மம்மாவை விட்ட முதியோர் இல்லம் பற்றி
மட்டக்களப்பு நகருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் முதியோர் இல்லம். இடம் துப்புரவு, சாப்பாடும் நல்லம், மீனில் முள் எடுத்துத்தான் கொடுப்பார்கள். வேலை செய்யும் பிள்ளைகளும் பாசமானவர்கள். அம்மம்மா "மனே" என்று கூப்பிட்டால் ஓடி வருவார்கள்.

ஆனால் பாசம் மட்டும் காணாது. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும் என்பது இரவில் நிற்கும் பிள்ளைக்குத் தெரியவில்லை, அம்மம்மாவின் இடுப்பில் தோல் சிவந்து போயிருந்தது, அந்தப் பிள்ளை அந்த இடத்தையே எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார், அது இன்னும் கூடாது. அவரில் குற்றமில்லை, யாரும் பழக்கவில்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி இல்லங்கள் பதிய வேண்டும், சரி. இரவுக் கடமையில் நிற்பவர் என்ன படித்தார் என்று யார் பார்க்கிறார்கள்? பராமரிப்பாளர் வேலைக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைப் பயிற்சி நாட்டிலேயே இருக்கிறது, அதைக் கட்டாயமாக்கி, சொல்லாமல் வந்து சோதிக்கவும் வேண்டும்.

சேர்க்கப் போகிறவர்கள் இரவில் ஒருக்கால் போய்ப் பாருங்கள். மருந்து கொடுத்த நேரம் எழுதும் கொப்பியையும் காட்டச் சொல்லுங்கள்.