12 அடிச் சுவரும் 12 அடி வாசலும்

இரண்டும் பொது இடத்தில் நிறுத்திய எஃகுச் சிற்பங்கள்தான். நியூயார்க்கின் ஃபெடரல் பிளாசா சதுக்கத்தில் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1981-இல் நிறுத்திய ‘டில்டட் ஆர்க்’ 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட துருவேறிய சுவர். சதுக்கத்தைக் குறுக்கே மறித்தது. அலுவலகம் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு வலுத்து, 1989-இல் அகற்றிவிட்டார்கள்.

சிகாகோவில் சிற்பி அனிஷ் கபூரின் ‘கிளவுட் கேட்’ நடுவிலும் 12 அடி உயர வளைவு உண்டு. ஆனால் இது புகுந்து போகும் வாசல். 168 தகடுகளைப் பற்றவைத்து, ஒட்டே தெரியாதபடி மெருகேற்றியிருக்கிறார்கள். கிட்டே போனால் வானமும் கட்டடங்களும் வளைந்து தெரியும். நடுவே நம் முகம், கொஞ்சம் கோணலாக. ஊர்க்காரர்களுக்கு அது வெறும் ‘பீன்’ (பீன்ஸ் விதை), செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள்.

இரண்டில் என் ஓட்டு இந்த வாசலுக்கே. ஆனாலும், தாங்கள் தினமும் நடக்கும் வழி யாருடையது என்று நியூயார்க்காரர்களைச் சண்டை போட வைத்தது அந்தச் சுவர்தான்.